நுணுக்குக்காட்டிக்கு எட்டாத துடிப்பு

முதல் ஸ்கேனில் வைத்தியர் சொன்னது இவ்வளவுதான்: "பை தெரியுது. துடிப்பு இன்னும் தெரியல்ல. இன்னும் நாள் போதாமலும் இரிக்கலாம். ரெண்டு கிழமை கழிச்சு வாங்க, பார்ப்பம்." வெளியே காத்திருக்கும் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னார். "இரிக்கலாம்" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கு அதற்கு முன்னர் இரண்டு தரம் தங்கவில்லை. இரண்டு தரமும் இப்படி ஒரு கட்டிலில், முகட்டில் ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தபடி கிடக்கும்போதுதான் துடிப்பு இல்லை என்று சொன்னார்கள். ஆகவே மூன்றாம் தரம் கட்டிலில் ஏறியதும் மின்விசிறியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த இரண்டு கிழமையும் நான் பயத்தைத் தவிர வேறொன்றையும் ஒழுங்காகச் செய்யவில்லை. சோறு தின்றேன், பஸ் ஏறினேன், பாடம் நடத்தினேன். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பயம் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் உயிரியல் படிப்பிக்கிறவள். வீடு ஆரையம்பதியில். பாடசாலை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். காலையில் குருமண்வெளித் துறைக்குப் போய், பாதை என்று நாங்கள் சொல்லும் இயந்திரத் தெப்பத்தில் ஏறி, மண்டூர்ப் பக்கம் இறங்க வேண்டும். முன்பெல்லாம் ஸ்கூட்டியோடுதான் பாதையில் ஏறுவேன். நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றைக்கே அம்மா ஸ்கூட்டித் திறப்பைத் தன் சீலைத்தலைப்பில் முடிந்துகொண்டார். "பஸ்ஸில போ. மூணு மாசம் முடியும் மட்டும் ஒருத்தருக்கும் வாய் திறக்காத" என்றார். நான் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடிக்காததைப் பார்த்து அம்மாவே பயந்துபோனார்.

எங்கள் பக்கத்தில் வயிற்றில் பிள்ளை உள்ளவள் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது. அவள் புருசனும் கொல்லக்கூடாது. என் வீட்டுக்காரர் ஒரு மோட்டார்சைக்கிள் திருத்தும் கடையில் வேலை செய்கிறவர். பின்னேரங்களில் வீச்சுவலையோடு ஆற்றில் இறங்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது. வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த மனுசன் வலையைச் சுருட்டிக் கூரைக்குள் செருகிவிட்டார். கரப்பொத்தானைக் கடதாசியில் ஏந்திக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே விட்டார். டெங்குக் காலத்தில் காலில் குந்திய நுளம்பைக்கூட ஊதித்தான் கலைத்தார். "உங்களுக்கு டெங்கு வந்தா நான்தானே ஆசுபத்திரியில நிக்கணும்" என்று பேசினேன். அவருக்கும் பயம் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தால் வீடு தாங்காது என்பதால் அவர் நுளம்பை ஊதுவதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தத் தவணையில் எனக்கு வாய்த்த பாடம் கூர்ப்பு. மீன், ஆமை, கோழி, மனிதன், நாலினதும் கருப்பருவ முளையங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டி, நாலுக்கும் ஆதியில் ஒரே முன்னோர் இருந்திருக்க வேண்டும் என்று விளக்குகிற இடம். அதிபர் என்னை முன்கூட்டியே கூப்பிட்டிருந்தார். "அந்தப் பாடத்தப் புத்தகத்தில உள்ள மாதிரி முடிச்சிட்டுப் போங்க டீச்சர். குரங்குக் கதைக்குள்ள போகாதீங்க. பொறகு தாய் தகப்பன் எனக்குத்தான் போன் எடுக்கிற" என்றார். நல்ல மனுசன்தான். ஆனால் எனக்கு எந்தப் பாடத்தையும் அப்படி முடித்துவிட்டுப் போகத் தெரியாது. படத்தைக் காட்டினால் படத்தைத்தான் பாடமாக்குவார்கள். உயிரைக் காட்டினால் கேள்வி கேட்பார்கள். வருசம் தொடங்கும்போதே மீன் முட்டை வளர்வதை நுணுக்குக்காட்டியில் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். சொல்லும்போது என் வயிற்றில் ஒன்றும் இல்லை.

மண்டூர்த் துறையடியில் ஆற்றுமீன் விற்கிற பெண்ணிடம், வாயில் முட்டை உள்ள திலாப்பியா பட்டால் எடுத்து வைக்கச் சொன்னேன். அந்த மீன் முட்டையிட்டதும் தாய் அவ்வளவையும் வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரித்து, குஞ்சு தானாக நீந்துகிற வரைக்கும் இரை எடுக்காது. "அத என்னத்துக்கு டீச்சர்? பட்டினி கிடந்த மீன். சதையே இரிக்காது" என்று சிரித்தாள். நான் வாங்கியது வலையில் பட்ட மீன். நான் பிடிக்கவில்லை, நான் கொல்லவில்லை. வழியில் எங்கும் நிற்காமல் பாடசாலை வரைக்கும் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கூர்ப்புப் படிப்பிக்கப் போகிற ஒருத்தி வாளிக்குள் மீனை வைத்துக்கொண்டு பாவ புண்ணியத்துக்கு வழக்குப் பேசிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

முட்டைகளைச் சோடாப் போத்தல் ஒன்றைத் தலைகீழாக வெட்டி அதற்குள் விட்டோம். அடியில் மீன்தொட்டிக் காற்றுக்குழாயைச் செருகினோம். தாயின் வாய்க்குள் முட்டைகள் புரண்டுகொண்டே இருக்கும். புரளாமல் ஓர் இடத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துச் செத்துவிடும். அதனால் காற்று நிற்கக்கூடாது. மின்சாரம் நின்றால் கையால் கலக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முறை வைத்தேன். அவர்கள் எனக்கு மேலால் கவனமாக இருந்தார்கள்.

இரண்டு மூன்று நாளில் இதயம் வந்தது. பெத்திரிக் கிண்ணத்தில் ஒரு முட்டையை வைத்து நுணுக்குக்காட்டியைத் தெளிவாக்கியபோது முதலில் இரண்டு கரிய புள்ளிகள் தெரிந்தன. கண்கள். அதற்குக் கீழே, மஞ்சட்கருவின் விளிம்பில், ஏதோ ஒன்று சுருங்கி விரிந்தது. சுருங்கி விரிந்தது. நிற்கவில்லை. நான் வில்லையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிள்ளைகள் பின்னால் வரிசையில் நிற்பது தெரியும். ஒருத்தி "டீச்சர், எங்களுக்கும்" என்று மெல்லச் சொன்னாள். அந்த முட்டைக்கு என்ன வயது? சில நாள். என் வயிற்றில் உள்ளதற்கு வாரக்கணக்கில் வயது. கடுகை விடக் கொஞ்சம் பெரிய இதற்குத் துடிக்கத் தெரிகிறது. அதற்கு ஏன் தெரியவில்லை?

விலகி நின்று எல்லாரையும் பார்க்க விட்டேன். பிறகு மேசையில் புத்தகத்தை விரித்து அந்த நாலு படங்களையும் காட்டினேன். மீனுக்குச் செவுள் வரும் இடத்தில், மீன் வாங்கும்போது செவுள்மூடியைத் தூக்கி நிறம் பார்ப்போமே அந்த இடத்தில், மனித முளையத்துக்கும் ஆரம்பத்தில் அதே மாதிரி வளைவுகள் உண்டு என்றேன். மீனில் அவை செவுளாகும். எங்களில் தாடையாகவும் காதுக்குள் உள்ள சின்ன எலும்புகளாகவும் மாறும் என்றேன். முன்வாங்கில் இருப்பவள் கையை உயர்த்தினாள். வைத்தியராக வர வேண்டும் என்று பிடிவாதமாகப் படிக்கிற பிள்ளை. அவளுடைய கேள்விக்கு எப்போதும் இரண்டு நிமிடம் கூடுதலாக ஒதுக்கி வைப்பேன்.

"அப்ப டீச்சர், வயித்துப் புள்ளையும் கொஞ்ச நாளைக்கு மீன்தானா?"

வகுப்பு சிரித்தது. மீன் இல்லை, மீனும் நாமும் ஒரே பழைய வீட்டு வரைபடத்தில் கட்டப்பட்டவர்கள் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பரீட்சைக்கு வடிவா எழுதுவன் டீச்சர். ஆனா வீட்ட போய் இதச் சொல்ல ஏலா" என்றாள். அவளிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. என் கைக்கடிகாரப் பட்டிக்கு அடியில் அம்மா கண்ணகி அம்மன் கோயிலில் கொண்டுபோய்க் கட்டுவித்த மஞ்சள் நூல் இருந்தது. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தும்போதெல்லாம் அது வெளியே தெரியாமல் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமை என் வயிற்றில் இருந்தது புத்தகத்தில் உள்ள நாலாவது படம்தான். இருந்தால்.

அதன் பிறகு நான் கெட்டுப்போனேன். இடைவேளையில் மற்ற ஆசிரியர்கள் தேநீர் குடிக்கப் போவார்கள். நான் ஆய்வுகூடத்துக்குப் போய் ஒரு முட்டையை எடுத்து வைத்து அதன் இதயத்தைப் பார்ப்பேன். துடித்தால் அன்றைக்குக் கொஞ்சம் மூச்சு வரும். ஒருநாள் எடுத்த முட்டை வெளிறிப்போய்ச் செத்திருந்தது. எந்தப் போத்தலிலும் சில முட்டை சாகும், அது இயல்பு, அதை நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அன்று பின்னேரம் வரைக்கும் எனக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. கழிவறைக்குப் போய் இரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி போனேன். மறுபடியும் போனேன். பாதையில் திரும்பி வரும்போது தெப்பம் கரையில் இடித்து நின்ற அதிர்வுக்கு வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒவ்வொரு பருவத்திலும் ஒன்றைக் கெட்டுப்போகாமல் மதுசாரத்தில் போட்டு அடைத்து வைத்தால் முட்டையிலிருந்து குஞ்சு வரை ஒரு வரிசை ஆய்வுகூடத்துக்குக் கிடைக்கும். பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு உதவும். திட்டம் என்னுடையதுதான். பொரித்த குஞ்சு ஒன்றை உறிஞ்சிக் குழாயில் எடுத்தேன். முன்னால் பெரிய மஞ்சட்கருப் பை தொங்க, பின்னால் வால் மட்டும் துடிதுடிக்கிற குடம்பி. மதுசாரக் குப்பிக்கு மேலே உறிஞ்சியைப் பிடித்தபடி நின்றேன். உறிஞ்சியை அமுக்க வேண்டும். அமுக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் எத்தனை தவளை வெட்டிய கை. "இந்தா, நீ போடு" என்று முன்வாங்குப் பிள்ளையிடம் நீட்டினேன். குரலை எவ்வளவு சாதாரணமாக வைத்திருந்தேன் என்று எனக்கே பெருமை. அவள் உறிஞ்சியை வாங்கவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் மறு கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அது என் வயிற்றில் இருந்தது.

"பொறகு போடுவம் டீச்சர்" என்று சொல்லிக் குஞ்சைத் திரும்பப் போத்தலுக்குள் விட்டாள்.

அது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டில் கிடந்து முகட்டைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஸ்கேன். குமட்டல் குறைந்த மாதிரி இருந்தது. குமட்டல் குறைந்தால் நல்லதா கெட்டதா என்று போனில் தேடினேன். நல்லது என்றும் இருந்தது, கெட்டது என்றும் இருந்தது. வீட்டுக்காரர் போனைப் பறித்துத் தன் தலையணைக்கடியில் வைத்தார். அம்மா பால் கொண்டு வந்து, நான் குடித்து முடிக்கும் வரை வாசலில் நின்றார்.

திங்கட்கிழமை ஆய்வுகூடக் கதவைத் திறந்தபோது காற்றுக்குழாயின் குமிழிச் சத்தம் இல்லை. போத்தலில் தண்ணீர் இல்லை. குஞ்சு ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல முடியாது. இது ஒரு சோடாப் போத்தல், அது என் வயிறு, இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று மண்டைக்குத் தெரியும். உடம்பு கேட்கவில்லை. முடிந்தது, எல்லாம் முடிந்தது, நாளைக்குச் சொல்லப் போவதை இன்றைக்கே காட்டிவிட்டார்கள் என்று காதுக்குள் இரைந்தது. வாங்கில் இருந்துவிட்டேன். பிள்ளைகள் உள்ளே வந்தபோது என் வாயிலிருந்து வந்தது கத்தல். "ஆரு இதில கை வச்ச? ஆரு?"

முன்வாங்குப் பிள்ளை எழும்பினாள்.

"நாங்கதான் டீச்சர். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பொறகு எல்லாருமாக் கொண்டு போய் ஆத்தில விட்ட."

"ஏன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள். "புள்ளத்தாச்சி உயிர் கொல்லக் கூடா டீச்சர். உங்களுக்காக நாங்க கொன்னாலும் அது உங்களுக்குத்தான் வந்து சேரும் எண்டு அம்மா சொன்னா. உங்களுக்கு ஒண்டும் வரக் கூடா. அதான்." பிறகு, "கோயிலிலயும் நேர்ந்திரிக்கம்" என்றாள்.

நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அம்மா சொன்னபடி வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஸ்கூட்டியில் வராததையும், கையை வயிற்றில் வைப்பதையும், திரும்பத் திரும்பக் கழிவறைக்குப் போனதையும் அவர்கள் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கவனித்துப் பார்க்கச் சொல்லிப் படிப்பித்தவள் நான்தானே.

கரையில் எந்த இடத்தில் விட்டார்கள் என்று கேட்டேன். படித்துறைக்குப் பக்கத்தில், தண்ணீர் தெளிந்து கிடக்கும் இடமாகப் பார்த்து, மெதுவாக, ஒரு கிண்ணத்தால் அள்ளி அள்ளி விட்டார்களாம். "எல்லாம் நல்லாப் போயிட்டு டீச்சர்" என்றாள் முன்வாங்குப் பிள்ளை. எனக்குத் தெரியும், அவை எங்கும் போயிருக்காது. அந்த மஞ்சட்கருவின் பாரத்தோடு அவற்றால் நீந்த முடியாது. அடியில் போய்க் கிடந்திருக்கும். ஆபத்து வந்தால் ஓடி ஒளிய ஒரு தாயின் வாயும் இல்லை. அன்று பொழுதுபடுவதற்குள் இறாலும் கெளிறும் பொறுக்கித் தின்று முடித்திருக்கும். ஒன்றும் கொல்லப்படக் கூடாது என்று கொண்டுபோனவர்கள் ஒன்றையும் மிச்சம் விடாமல் கொன்றுவிட்டு வந்திருந்தார்கள். அவ்வளவும் என் பேரில்.

இதை உயிரியல் ஆசிரியை என்ற முறையில் நான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். "நல்ல வேலை செஞ்சிங்க" என்றேன். அவர்கள் முகம் வெளித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுதுவதற்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் குஞ்சுகள் யார் கணக்கில் சேரும் என்ற கேள்விதான் வந்தது. பட்டம் பெற்ற மண்டைக்குள் அந்தக் கேள்வி அன்று முழுக்க நின்றது.

மறுநாள் வைத்தியரின் அறைக்குள் வீட்டுக்காரரும் வந்தார். நான் கட்டிலில் ஏறிப் படுத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். வைத்தியர் ஒன்றும் பேசவில்லை. முந்திய இரண்டு தரமும் இப்படித்தான் பேசாமல் இருந்தார்கள். இயந்திரம் மட்டும் இரைந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் பூச்சு உரிந்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க டீச்சரா?" என்றார் திடீரென்று.

கெட்ட செய்தி சொல்லுமுன் இப்படித்தான் கதை கொடுப்பார்கள் என்று நினைத்தேன். "ஓம்."

"என்ன பாடம்?"

"உயிரியல்."

"அப்ப நீங்களே பாருங்க."

எனக்குத் திரும்ப முடியவில்லை. கழுத்து மரத்துப்போய்க் கிடந்தது. வீட்டுக்காரர் குனிந்து என் தோளைப் பிடித்தார். "இஞ்ச பாரு புள்ள" என்றார். "அடிக்குது. இஞ்ச பாரு, அடிக்குது."

திரும்பினேன். சாம்பல் நிறத் திரையில், ஓர் இருண்ட பைக்குள், அரிசி மணி அளவில் ஒன்று. அதன் நடுவில் ஒரு சின்னத் துடிப்பு. மீன் முட்டையில் பார்த்ததை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எல்லாம். இதைப் பார்த்து அழுதேன். வீட்டுக்காரரும் அழுதார். வைத்தியர் பழக்கப்பட்டவர், கடதாசித்துண்டு எடுத்து நீட்டினார்.

"எல்லாம் நல்லா இரிக்கு. நாலு கிழமை கழிச்சு வாங்க."

நான் இறங்கவில்லை. "நாலு கிழமையா?" என்று கேட்டேன். "அதுவரைக்கும் இது அடிக்குதா எண்டு ஆரு பார்க்கிற?"

அவர் நான் சொன்னது விளங்காதவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு, "ஒருத்தரும் பார்க்கத் தேவல்ல டீச்சர். பார்க்காட்டியும் அடிக்கும்" என்று சொல்லித் திரையை அணைத்தார். வெளியே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.